தோட்டத்து வீட்டைப் புதுப்பித்தலும் விரிவாக்குதலும்

தோட்டத்து வீட்டைப் புதுப்பித்தலும் விரிவாக்குதலும் என்பது, வேளாண் நிலத்தின் நடுவே உள்ள சிறிய பழைய வீட்டை முழுவதும் இடித்துவிடாமல், அதன் உறுதியான பகுதிகளை வைத்துக்கொண்டு, குறைகளைச் சீர்செய்து, புதிய அறைகளைச் சேர்த்து, ஒரு குடும்பம் நிலையாக வாழத்தக்க இல்லமாக மாற்றும் கட்டுமானப் பணியாகும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் இத்தகைய வீடு 'தோட்டத்துச் சாளை' என்றும் 'சாளை' என்றும் வழங்கப்படுகிறது. இங்குள்ள உழவர் குடும்பங்கள் பல, ஊருக்குள் வாழாமல் தத்தம் தோட்டத்திலேயே குடியிருப்பவை. எனவே இந்த வட்டாரத்தில் தோட்டத்து வீடு என்பது ஓய்வுக்கான மாளிகை அன்று. ஆடு மாடு, கிணறு, களம் ஆகியவற்றோடு இணைந்த வாழ்விடமாகும்.

இப்பணியில் பெரும்பாலும் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, நன்றாக உள்ள வீட்டைத் தேவையின்றி இடித்துக் கடனாளி ஆவது. மற்றொன்று, வலுவற்ற பழைய சுவரின் மேல் புதிய காங்கிரீட் தளத்தை ஏற்றி உயிருக்கே ஆபத்தை வரவழைப்பது. இவ்விரண்டையும் தவிர்க்க, பழைய வீடு எவ்வாறு கட்டப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பழைய வீட்டின் அமைப்பு

பழைய சாளை பொதுவாக ஓர் ஆசாரம், ஒரு சாமான் அறை, முன்புறம் திண்ணை, பக்கத்தில் தனியாக ஓர் அடுப்படி என்ற அளவில் அமைந்திருக்கும். அருகில் மாடு கட்டும் கட்டுத்தரையும் தானியம் உலர்த்தும் களமும் இருக்கும். குளியல் அறையும் கழிப்பறையும் வீட்டினுள் இருப்பதில்லை.

சுவர்கள் மண் சாந்தில் வைத்த கல் அல்லது செங்கல்லால் ஆனவை. சிலவற்றில் சுண்ணாம்புச் சாந்து பயன்பட்டிருக்கும். சுவரின் கனம் ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி வரை காணப்படும். கூரையில் முகட்டு மரமும், அதிலிருந்து இருபுறமும் சரியும் கைமரங்களும், அவற்றின் குறுக்கே ரீப்பர்களும் இருக்கும். பனங்கைகளே பல வீடுகளில் கைமரமாகப் பயன்பட்டன.

கூரை ஓடுகள் இருவகை. குயவர் செய்த வளைந்த நாட்டு ஓடு பழையது. தட்டையான சீமை ஓடு பின்னர் வந்தது. 1865ஆம் ஆண்டு பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின் இவ்வகை ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. அதனால் இது மங்களூர் ஓடு எனவும் அழைக்கப்படுகிறது.

இடிக்கும் முன் ஆய்வு

எதை வைப்பது, எதை இடிப்பது என்ற முடிவைப் பார்வையால் மட்டும் எடுக்கக் கூடாது. கீழ்க்கண்டவை சோதிக்கப்பட வேண்டும்.

சுவரின் நேர்மை: தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டால், சுவர் சாய்ந்துள்ளதா, நடுவில் வயிறு தள்ளியுள்ளதா என்பது தெரியும். வயிறு தள்ளிய சுவர் உள்ளே இரண்டாகப் பிரிந்திருக்கக்கூடும். அது பூச்சுக்குள் மறைந்து கிடக்கும்.

வெடிப்பு: எல்லா வெடிப்பும் ஆபத்தானது அன்று. வெடிப்பின் குறுக்கே சிறிது சிமெண்டுப் பூச்சைப் பட்டையாகப் பூசி, அதன்மேல் தேதியை எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பின்னும் பட்டை பிளக்காவிட்டால் அந்த வெடிப்பு பழையது, அசைவற்றது. பட்டை பிளந்தால் கடைக்கால் இன்னும் நகர்கிறது என்று பொருள். கரிசல் மண் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும் தன்மையுடையது. அங்கே இந்தச் சோதனை மிகவும் தேவை.

மரம்: உத்திரமும் கைமரமும் நடுவில் கெடுவதைவிடச் சுவருக்குள் புதைந்த முனையில்தான் முதலில் கெடுகின்றன. அந்த இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. சுத்தியலால் தட்டும்போது 'பொத்' என்ற ஓசை வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம்.

ஓடு: விரல் கணுவால் தட்டினால் கணீர் என ஒலிக்கும் ஓடு நல்லது. மந்தமாக ஒலிப்பது விரிசல் கண்டது.

கடைக்கால்: சுவரின் ஓரத்தில் இரண்டடி அகலத்தில் ஒரே ஒரு குழி தோண்டி, கடைக்கால் எவ்வளவு ஆழம், எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்க்கலாம். பார்த்தவுடன் குழியை மூடி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

இச்சோதனைகளின் முடிவைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெறுவதற்கு ஆகும் கட்டணம், மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே.

கூரையும் சுமையும்

ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு அதே சுவர்மேல் காங்கிரீட் தளம் போடலாமா என்பதே பெரும்பாலான குடும்பங்களின் முதல் கேள்வி. இதற்கு விடை கணக்கில் உள்ளது.

ரீப்பருடன் கூடிய மங்களூர் ஓட்டுக் கூரையின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. கம்பி கட்டிய காங்கிரீட்டின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ; ஆகவே ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன்மேல் போடும் சுருக்கியும் தட்டோடும் சேர்ந்தால் எடை இன்னும் கூடும்.

30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட ஒரு சாளையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 420 சதுர அடி, அதாவது 39 சதுர மீட்டர். சரிவையும் கணக்கில் கொண்டால் ஓட்டுக் கூரையின் எடை சுமார் 3 டன். அதே இடத்தில் காங்கிரீட் தளம் மட்டுமே 12 டன்னைத் தாண்டும். செங்கல்லைப் பிணைப்பது மண் சாந்து மட்டுமாக உள்ள சுவரின்மேல் நான்கு மடங்கு சுமையை ஏற்றுவது இதன் பொருள். அந்தச் சுவர் ஓட்டுக் கூரைக்காகக் கட்டப்பட்டது. வறண்டிருக்கும் வரை தாங்கும் அது, ஒரு பெருமழையில் நனைந்து மண் சாந்து இளகும்போது எச்சரிக்கை இன்றிச் சரியலாம்.

ஆகையால் மண் சாந்துச் சுவரின்மேல் ஓட்டுக் கூரையே தொடர்வது பாதுகாப்பானது. பழைய பகுதிக்கு மேல் மாடி கட்டாயம் வேண்டுமென்றால், பழைய சுவரைச் சாராமல் வெளியே தனித் தூண்கள் எழுப்பி, சுமை முழுவதையும் அவற்றின் வழியே தரைக்கு இறக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, பக்கவாட்டில் அறைகள் சேர்ப்பதைவிட மிகுதி. தோட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லாததால் பக்கவாட்டு விரிவாக்கமே பெரும்பாலும் ஏற்றது.

கூரையைப் பிரித்து மேயும்போது, நல்ல ஓடுகளைக் கழுவி அடுக்கி, உளுத்த கைமரங்களை மட்டும் மாற்றினால் போதும். மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 தேவைப்படும். இடையிடையே கண்ணாடி ஓடு பதித்தால் இருண்ட ஆசாரத்தில் பகல் வெளிச்சம் கிடைக்கும்.

கைமரம் உட்காரும் இடத்தில், சுவரின் உச்சியைச் சுற்றிலும் கம்பி வைத்த மெல்லிய காங்கிரீட் பட்டை போடுவது நல்லது. இது நான்கு சுவர்களையும் பெட்டிபோல் இறுக்கிப் பிடிக்கும். கோவை வட்டாரத்தில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று ஒரு வலுவான நிலநடுக்கம் நேர்ந்துள்ளது. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் கோவையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்துள்ளது. எனவே இப்பட்டையை வீண்செலவாகக் கருத இயலாது.

சுவரும் ஓதமும்

பழைய வீடுகளின் தீராத தொல்லை ஓதம். நிலத்து ஈரம் கடைக்கால் வழியாக மேலேறி, சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். இதைக் கண்டவுடன் சிமெண்டு பூசி மூடுவது வழக்கம். அதுவே பெரும் தவறாகவும் முடிகிறது.

மண் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளிவிடும் தன்மை உடையவை. ஏறிய ஈரம் வெயிலில் ஆவியாகிவிடும். சிமெண்டுப் பூச்சு இந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள் இன்னும் மேலே ஏறும். மண் சாந்து இளகும். சில ஆண்டுகளில் சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். கழலும்போது சுவரின் மேல்தோலையும் இழுத்துக்கொண்டு விழும்.

ஓதத்திற்கு மருந்து பூச்சில் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள தரையில் உள்ளது. பல ஆண்டுகளாக மண்ணும் சாணக் குப்பையும் சேர்ந்து, வாசல் மட்டம் வீட்டுத் தரைக்கு இணையாக உயர்ந்திருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுத்து, வாசலை வீட்டுத் தரையைவிடக் குறைந்தது ஓரடி தாழ்த்த வேண்டும். அவ்வாறு வெட்டும்போது கடைக்கால் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக நடைபாதை அமைத்து, கூரைத் தண்ணீரை வாய்க்கால் வழியாகத் தள்ளி விட வேண்டும். ஒரு வெயில் காலம் சுவரைக் காயவிட்டு அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு பூசினால் அது நிலைத்து நிற்கும்.

புதிய பகுதியை இணைத்தல்

பழைய வீடு தன் எடைக்கேற்ப ஏற்கெனவே மண்ணில் அமர்ந்துவிட்டது. புதிய கட்டடம் இனித்தான் அமரப்போகிறது. இரண்டையும் பல் வைத்துக் கோத்துக் கட்டினால், புதியது அமரும்போது இணைப்பில் வெடிப்பு விழும். அதனால் புதிய சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காமல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டுத் தனிக் கடைக்காலில் எழுப்ப வேண்டும். இடைவெளியை நெகிழும் பொருளால் அடைத்து, மேலே தகட்டால் மூடலாம்.

புதிய கடைக்காலுக்கு வானம் தோண்டும்போது பழைய சுவரை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டுவது மிகவும் ஆபத்தானது. பழைய கடைக்காலுக்கு அடியில் உள்ள மண் குழிக்குள் சரிந்து, சுவரே இறங்கிவிடும். எவ்வளவு கூடுதல் ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளித் தோண்ட வேண்டும். அது இயலாத இடத்தில் மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாகத் தோண்டி, கட்டி முடித்து, அடுத்த துண்டுக்குச் செல்ல வேண்டும்.

இரு பகுதிகளுக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்தில் ஒரு நடை விட்டுக் கட்டுவது இந்தச் சிக்கல்களைப் பெரிதும் குறைக்கும். நடையின் இருபுறமும் திறந்த முற்றம் கிடைக்கும். காற்றும் வெளிச்சமும் இரு பகுதிக்கும் குறையாது.

புதிய பகுதியில் செலவைக் குறைக்கும் முறைகளும் உள்ளன. கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கற்கள் நெட்டுக்குத்தாக வைக்கப்படுவதால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. இதனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். அறைக்குள் வெப்பமும் குறையும். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் காங்கிரீட்டின் அளவைக் குறைக்கும் நிரப்புத் தள முறையையும் அவர் கையாண்டார். கூரையில் கழித்த ஓடுகளுக்கு இது ஒரு நல்ல பயன்.

கரையான் தடுப்பு

தோட்டத்தில் கரையான் புற்று இல்லாத இடமே அரிது. புதிய பகுதியில் கடைக்கால் போடும்போதே மண்ணுக்கு மருந்து இடலாம். பழைய பகுதியில், தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடி இடைவெளியில் துளையிட்டு மருந்தைச் செலுத்தி அடைக்க வேண்டும். இதற்கான முறைகள் ஐ.எஸ். 6313 தரநிர்ணயத்தில் தரப்பட்டுள்ளன. இம்மருந்துகள் நச்சுத்தன்மை உடையவை. குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது. மருந்திடும் நாளில் குழந்தைகளும் கால்நடைகளும் அங்கு இருக்கக் கூடாது.

நீர், கழிவுநீர், மின்சாரம்

வீட்டினுள் கழிப்பறை வருவதே குடும்பத்தின் அன்றாட வாழ்வில், குறிப்பாகப் பெண்களுக்கும் முதியோருக்கும், மிகப் பெரிய மாற்றம். கழிவுநீர் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி, நிலச் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்புறம் அமைய வேண்டும். குளியல் நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தனிக் குழாயில் பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுக் கூரையின் தாழ்வில் தகரக் காலோடி பொருத்தி நீரைக் கிணற்றருகே உள்ள குழிக்கு விடுவது எளிய முறை.

மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணம் தேவைப்படும். அடுப்படிப் புகை குறைய இது உதவும்.

கிணற்று மோட்டாருக்கான இலவச வேளாண் மின் இணைப்பிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். வீட்டிற்குத் தனி இணைப்புப் பெற வேண்டும். பழைய கம்பிகளை ஒட்டுப்போட்டு நீட்டாமல், முழுவதும் புதிதாக இழுத்து, முறையான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் பொருத்த வேண்டும். ஈரமான கட்டுத்தரையும் தகரக் கூரையும் உள்ள இடத்தில் மின்கசிவு மனிதரையும் மாட்டையும் கொல்லக்கூடியது.

ஆவணங்களும் அனுமதியும்

வேலை தொடங்கும் முன் பட்டா, நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம். தோட்டம் பல இடங்களில் அண்ணன் தம்பியரின் கூட்டுப் பட்டாவில் இருக்கும். பாகப்பிரிவினை பதிவு செய்யாமல் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் போட்டு வீட்டை விரிவாக்கினால், பிற்காலத்தில் அந்த வீடே வழக்குக்குக் காரணமாகலாம். உடன்பிறந்தவர்கள் இணக்கமாக இருக்கும் காலமே பத்திரம் எழுதுவதற்கு உரிய காலமாகும். வங்கிக் கடன் பெறவும் தெளிவான உரிமை தேவைப்படும்.

கட்டட அனுமதிக்குக் கிராம ஊராட்சியை அணுக வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்கு அடிப்படையாக உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டுத் திட்டம்

மேலே கூறிய 30 × 14 அடி சாளைக்கு முன்னால் 6 அடி அகலத் திண்ணை உள்ளதாகக் கொள்வோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், இரு குழந்தைகள் என ஆறு பேர் அதில் வாழ்கின்றனர். பின்புறம் 6 அடி நடை விட்டு, 30 × 16 அடியில் ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறையுடன் கழிப்பறை ஆகியவற்றைக் கட்டலாம். கணக்கு வருமாறு:

பழைய வீடு: 420 சதுர அடி
திண்ணை: 180 சதுர அடி
புதிய பகுதி: 480 சதுர அடி
கூரையிட்ட நடை (6 × 10): 60 சதுர அடி
மொத்தம்: 1,140 சதுர அடி

பழைய சாமான் அறை முதியோரின் படுக்கை அறையாகும். அங்கிருந்து கழிப்பறை வரை படியோ வாசற்படித் தடுக்கோ இல்லாமல், தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மட்ட வேறுபாடு தவிர்க்க இயலாத இடத்தில், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் பாதை அமைக்கலாம். கழிப்பறைக் கதவு மூன்றடி அகலமும், உள்ளே கைப்பிடியும் உடையதாக இருத்தல் நலம்.

வேலையின் வரிசை மிகவும் முக்கியமானது. முதலில் புதிய பகுதியைக் கட்டி முடிக்க வேண்டும். குடும்பம் அங்கே குடிபெயர்ந்த பிறகே பழைய கூரையைப் பிரிக்க வேண்டும். இவ்வரிசையில் செய்தால் வாடகை வீடு தேட வேண்டியதில்லை. மாடுகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. பணம் இடையில் தீர்ந்துவிட்டாலும் கூரையில்லாத வீடு மிஞ்சாது. வரிசையை மாற்றி, முதலில் பழையதைப் பிரித்துப் போட்டவர்களே மழையில் தவிக்க நேர்கிறது.

காலமும் செலவும்

கூரை பிரிக்க ஏற்ற மாதங்கள் தை, மாசி, பங்குனி. சித்திரையில் கோடை மழையும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் வரும். ஆடி, மார்கழி மாதங்களில் பலர் வேலை தொடங்குவதில்லை என்பதால், ஆவணி முதல் கார்த்திகைக்குள் புதிய பகுதியை எழுப்பி, தையில் பழைய கூரையைத் தொடுவது வசதியான திட்டமாகும். மழை நாட்களில் வானம் தோண்டிய குழியைத் திறந்தே விடக் கூடாது.

பழைய வீட்டு வேலையில், பிரித்துப் பார்க்கும்போதுதான் வெளிப்படும் குறைகள் உண்டு. எனவே மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது தனியே எடுத்து வைக்க வேண்டும். புதிய பகுதிக்குச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசலாம். பழைய பகுதிக்கு அது பொருந்தாது. கூரை, பூச்சு, தரை, மரவேலை எனப் பிரித்து, அளந்து பணம் கொடுப்பதே இரு தரப்புக்கும் நேர்மையானது. ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கே பணம் தர வேண்டும்.

வைக்க வேண்டியவையும் விட வேண்டியவையும்

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை. நகரும் கடைக்காலும், பிளந்த சுவரும், புகை சூழ்ந்த சன்னலில்லாத அடுப்படியும் போக வேண்டியவையே. நிலைக்கதவு, வைரம் பாய்ந்த உத்திரம், கருங்கல் படி, திண்ணை ஆகியவை வைத்துக்கொள்ளத் தக்கவை; இன்று அவற்றை அதே தரத்தில் செய்யப் பெரும்பொருள் ஆகும். ஆய்வில் சுவர்கள் நகர்வது உறுதியானால், வீட்டை முழுவதும் பிரித்து, அதன் மரம், ஓடு, கல் ஆகியவற்றைப் புதிய வீட்டில் பயன்படுத்துவதே முறை. அந்த முடிவை எடுக்க உதவுபவை தூக்குக்குண்டும், தேதியிட்ட சிமெண்டுப் பட்டையும், ஒரு பொறியாளரின் கருத்துமே ஆகும்.